ஒரு வடம், இரண்டு முனை: போட்டிக்குள் ஒரு காதல் குறும்படம் எடுப்பது எப்படி

போட்டியை வைத்துக் காதல் படம் எடுக்க நினைப்பவர்களில் பலர் காதலர்களிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். பையன் யார், பெண் யார், எங்கே பார்த்துக்கொண்டார்கள் என்று பத்துப் பக்கம் எழுதுவார்கள். அப்புறம்தான் "நடுவில் ஒரு கபடி மேட்ச் வைக்கலாம்" என்று தோன்றும். அப்படிச் செருகிய மேட்சை எடிட்டிங்கில் தூக்கிவிட்டாலும் கதை அசையாமல் நிற்கும். கோளாறே அதுதான். போட்டியை எடுத்துவிட்டால் காதலும் சேர்ந்து விழ வேண்டும். அதற்கு ஒரே வழி, போட்டியின் விதிகளை முதலில் தாளில் எழுதிக்கொண்டு அவற்றுக்குள் காதலைத் தேடுவது.

இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணம் தேனி மாவட்டமும் கேரளமும் சந்திக்கும் எல்லையில் உள்ள குமுளி, கூடலூர், கம்பம் வட்டாரம். மலைமேல் குமுளி, கீழே கூடலூரும் கம்பமும். இருபது நிமிடக் குறும்படம், மூன்று நாள் படப்பிடிப்பு, கையில் ஒரே கேமரா. போட்டி, வடம்வலி, அதாவது கேரளத்துக் கயிறு இழுக்கும் போட்டி. வேறு ஊர், வேறு போட்டி என்றாலும் முறை இதேதான்.

எந்தப் போட்டி

முதல் படத்துக்கு மாடு, சேவல் உள்ள போட்டிகள் வேண்டாம். விலங்கு திரையில் வந்தால் விலங்கு நல வாரியத்தின் அனுமதிக்கும் சான்றுக்கும் அலைய வேண்டும். கிரிக்கெட்டுக்கு இருபத்திரண்டு பேர் வேண்டும், அதில் பாதிப் பேருக்காவது பந்து போடத் தெரிந்திருக்க வேண்டும். கபடியில் நடிகருக்கு முட்டி பெயர்ந்தால் படம் அன்றே நின்றுவிடும்.

வடம்வலிக்குத் தேவை ஒரு வடம், நாற்பது மீட்டர் தரை, இரண்டு பக்கமும் ஆட்கள். துரத்திப் பிடிக்கப் பந்து கிடையாது. எல்லாம் ஒரே கோட்டில் நடப்பதால் ஒற்றைக் கேமராவே போதும். யார் ஜெயிக்கிறார்கள் என்பதை விதி தெரியாத ஆளும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஏலத்தோட்டப் பக்கம் ஓணத்துக்கும் கோயில், சர்ச் திருவிழாக்களுக்கும் இது நடக்கிறது. பரிசாகப் பணத்தோடு கிடா, சேவல், வாழைத்தார் தருவது வழக்கம். கேடயத்தைவிடக் கிடா திரையில் எவ்வளவோ மேல். அது கத்தும், இழுக்கும், ராத்திரி ஜீப்பில் ஏற்ற வேண்டும். (கிடாவும் விலங்குதான். அனுமதி வாங்க முடியாவிட்டால் வாழைத்தாரை வையுங்கள்.)

இனி விதிகள். சர்வதேச விதியில் ஒரு அணிக்கு எட்டுப் பேர். கேரளத்து ஊர்ப் போட்டிகளில் ஏழு பேர்தான் பெரும்பாலும். போஸ்டரில் 455 கிலோ என்று போட்டிருந்தால் அது ஏழு பேரின் மொத்த எடை, ஆளுக்குச் சராசரி 65. வடத்தின் சுற்றளவு 10 முதல் 12.5 சென்டிமீட்டர், நீளம் குறைந்தது 33.5 மீட்டர். நடுவில் ஒரு குறி, அதிலிருந்து இரு பக்கமும் நான்கு மீட்டரில் ஒவ்வொரு குறி. எதிரணியின் நான்கு மீட்டர்க் குறியைத் தரையிலுள்ள நடுக்கோட்டைத் தாண்ட வைத்தால் ஜெயம். மூன்றில் இரண்டு இழுப்பு. உட்காரக் கூடாது, வடத்தின்மேல் கை மாற்றி மாற்றி ஏறக் கூடாது. கடைசி ஆளுக்கு மட்டும் தனிப் பிடி உண்டு. வடம் அவர் முதுகில் குறுக்காகப் போய், எதிர்த் தோளுக்கு மேலே முன்பக்கம் வந்து, மிச்சம் அக்குளுக்குக் கீழே பின்னால் போகும்.

இதில் எந்த விதி காதலைத் தொடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எட்டா ஏழா என்பதில் கதை இல்லை. எடையில் இருக்கிறது. அணிக்குத் தாளம் கொடுக்க வெளியே நின்று கூவும் குரலில் இருக்கிறது. கடைசி ஆள் எதிரணியின் முகத்தை ஏறக்குறைய பார்க்கவே முடியாது, ஆனால் குரலைக் கேட்க முடியும். இந்த மூன்றே போதும், படம் எழுந்துவிடும்.

யார் யார்

ஈஸ்வரி கூடலூர்க்காரி. விடிவதற்குள் ஜீப் ஏறி, லோயர் கேம்ப் வழியாக மலையேறி, குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். ஊர் இளவட்டங்களின் அணிக்குக் கூவுவதும் அவள்தான். மணி குமுளிப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தோட்டத்தில் சாயந்தரம் பெண்கள் எடுத்த காயை எடை போடுவது அவன் வேலை. மேலே உள்ள அணியின் கடைசி ஆளும் அவனே.

இப்படிப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. இந்த வகைப் படங்களில் அதிகம் கெட்டுப்போவது பெண் பாத்திரம். கூட்டத்தில் உட்கார்ந்து, பையன் ஜெயித்ததும் எழுந்து கைதட்டுகிற வேலையோடு அவளை நிறுத்திவிடுகிறார்கள். 1968-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த 'தில்லானா மோகனாம்பாள்' இன்றும் நிற்பதற்குக் காரணம், நாதஸ்வரம் ஒரு பக்கமும் சலங்கை ஒரு பக்கமும் சம கனத்தோடு இருப்பது. காதலிக்கிறவரே எதிராளி, இருவருக்கும் தொழில் செருக்கு. 1989-இல் வந்த 'கரகாட்டக்கார'னிலும் இரண்டு பேர் தலையிலும் கரகம் இருக்கிறது. அதை இயக்கிய கங்கை அமரன் இதே தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர். 2024-இல் வந்த 'லப்பர் பந்து' வேறு வழியில் போகிறது. அங்கே மைதானத்து எதிராளி காதலியின் அப்பா. அதுவும் உறுதியான கட்டுமானம்தான். ஆனால் இருபது நிமிடத்துக்குள் அப்பா, மகள், காதலன் என்று மூன்று கோடுகளை இழுத்துக்கட்டுவது கடினம். குறும்படத்துக்கு முதல் வகையே சரி, எதிர்ப்பக்கத்து ஆளைத்தான் பிடித்திருக்கிறது என்பது.

இரு மாநிலப் பகையை இதற்குள் இழுக்க வேண்டாம். முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை முற்றி 2011 டிசம்பரில் குமுளி எல்லையில் போக்குவரத்து நின்றபோது கூலியை இழந்தவர்கள் ஈஸ்வரியைப் போன்றவர்கள். பரபரப்புக்காக அதைத் தொட்டுவிட்டு நகர்வது அவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. மலைக்கு மேல், மலைக்குக் கீழ் என்கிற ஊர்ப் போட்டியே போதுமான சூடு தரும்.

முதல் காட்சி: தராசு

காதல் தொடங்கும் இடத்தில் போட்டியின் விதி ஏற்கெனவே உட்கார்ந்திருக்க வேண்டும். 455 கிலோ என்பது பின்னால் வரப்போகிறது என்றால், எடை என்கிற சங்கதி முதல் நிமிடத்திலேயே கண்ணில் படட்டும். தோட்டத்து ஸ்டோர் வாசல், சாயந்தரம். வரிசையில் பெண்கள், கையில் காய்ச்சாக்கு.

"எவ்வளவு?"

"பதினொண்ணே கால்."

"நேத்தும் அதான சொன்னீங்க."

"நேத்தும் அதான் இருந்துச்சு."

"சாக்குக்குக் கழிச்சீங்களா?"

"சாக்குக்குக் கழிச்சேன். ஈரத்துக்குக் கழிக்கல."

அவ்வளவுதான். அவள் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டு நகர்கிறாள். பின்னால் நிற்கும் பெரியம்மா தன் சாக்கைத் தூக்கி வைக்கிறார்.

ஆறு வரி, நாற்பது நொடி. 'பிடிச்சிருக்கு' என்கிற பேச்சே இல்லை. பேசியதெல்லாம் கிலோவும் சாக்கும். மழையில் நனைந்த காய் கூடுதலாக எடை காட்டும். தோட்டத்தில் அதற்காகக் குறைப்பார்கள் என்று அவள் எதிர்பார்த்து நிற்கிறாள், இவன் குறைக்கவில்லை. அவன் அவளுக்கு மட்டும் அப்படிச் செய்கிறானா, எல்லோருக்குமா என்பதை அடுத்த ஷாட் சொல்லிவிட வேண்டும். பெரியம்மாவுக்கும் கழிக்கக் கூடாது. தனக்கு மட்டும் சலுகை என்றால் அவளுக்கு அவன்மேல் மரியாதை வராது, வெறும் சங்கடம்தான் வரும். எழுதும்போது பலர் இங்கே வழுக்குகிறார்கள். காதலைக் காட்ட நாயகன் விதியை வளைக்கிறான் என்று வைத்துவிடுவார்கள். போட்டிப் படத்தில் விதியை வளைப்பவன் கடைசி இழுப்பில் நம்பிக்கையைப் பெற முடியாது.

ஜீப் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. மலைப்பாதையில் தோட்ட ஜீப்புகள் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிப் போய் விபத்தானது உண்டு. உண்மையாக இருக்க வேண்டும் என்று அதை அப்படியே செய்து பார்க்காதீர்கள். நிறுத்திவைத்த ஜீப்பில் எட்டுப் பேரை நெருக்கி உட்கார வைத்து, வெளியே ஒருவர் இலைக்கொத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் குறுக்கே ஆட்டிக்கொண்டிருந்தால் போதும். ஜீப்பை இரண்டு பேர் பின்னாலிருந்து லேசாக அசைக்கட்டும்.

மூன்று இழுப்பு, மூன்று வேலை

திரைக்கதையின் முதுகெலும்பு இதுதான். ஒவ்வொரு இழுப்புக்கும் வேறு கேள்வி வேண்டும். மூன்றிலும் 'யார் ஜெயிப்பார்' என்ற ஒரே கேள்வி இருந்தால் இரண்டாவதிலேயே சலித்துவிடும்.

முதல் இழுப்பு, மேலே உள்ள அணிக்கு. கேள்வி: கூடலூர் அணி எந்த நொடியில் இழுக்கும் என்று மணிக்கு எப்படித் தெரிந்தது? தோட்டத்தில் சாக்கு தூக்கும்போது ஈஸ்வரி கொடுக்கிற தாளத்தை அவன் மாதக்கணக்காகக் கேட்டிருக்கிறான். "போடு" என்று சொல்வதற்கு முன்னால் அவள் ஒரு மூச்சு இழுப்பாள். அந்த மூச்சைக் கேட்டதும் கூடலூர் அணிக்கு முன்பே மணி காலை ஊன்றிவிடுகிறான். ஜெயித்தாயிற்று. அவளுக்கும் புரிந்துவிட்டது. காதலில் கவனித்ததைப் போட்டியில் செலவழித்துவிட்டான். அது துரோகமா, திறமையா? படம் முழுக்க இந்தக் கேள்விமேல்தான் நிற்கிறது.

இரண்டாவது கீழே உள்ள அணிக்கு. அவள் கூவவில்லை. வாயைத் திறக்காமல் கையில் துண்டை மேலே கீழே அசைக்கிறாள். முதுகு வளைந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கடைசி ஆளுக்கு எதுவும் தெரியாது. கேள்வி: அவளுடைய மௌனம் தந்திரமா, கோபமா? இரண்டும் என்று பார்ப்பவருக்குப் படும்படி எடுங்கள்.

மூன்றாவது இழுப்பில்தான் எல்லோரும் விழுகிற குழி இருக்கிறது. காதலுக்காக நாயகன் வேண்டுமென்றே தோற்பது. தயவுசெய்து இதை எழுதாதீர்கள். எதிராளியைச் சமமாக மதிக்காதவன்தான் விட்டுக்கொடுப்பான். மறுநாள் அது அவளுக்குத் தெரிந்தால் அவள் ஜெயித்ததே இல்லை என்றாகிவிடும். அவள் விட்டுக்கொடுப்பதும் இதே குற்றம். நடக்க வேண்டியது வேறு. மூன்றாவது இழுப்பில் அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பழைய தாளத்திலேயே, அதே மூச்சோடு, வாய்விட்டுக் கூவுகிறாள். அவனுக்குக் கேட்கும் என்று தெரிந்தே. ஒளிக்க இனி எதுவும் இல்லை, மிச்சம் பலம் மட்டும். யார் ஜெயிக்கட்டும் என்பது உங்கள் விருப்பம். கீழே உள்ள அணி ஜெயித்தால் ஒரு வசதி இருக்கிறது. வாழைத்தாரோ கிடாவோ அதே தோட்ட ஜீப்பில்தான் மலையிறங்கும்.

இதற்கெல்லாம் முன்னால் அணிகளை எடை போடும் காட்சி ஒன்று வேண்டும். மேலே உள்ள அணி 457 கிலோ நிற்கிறது, இரண்டு கிலோ அதிகம். சட்டையைக் கழற்றுகிறார்கள், பெல்ட்டைக் கழற்றுகிறார்கள், அப்படியும் அரைக் கிலோ மிச்சம். தினமும் அடுத்தவர் சாக்கை எடை போடுகிறவன் இன்று தராசில் தானே நிற்கிறான். அந்தப் பக்கம் ஈஸ்வரி முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "பெல்ட்டுக்குக் கழிச்சாச்சு, ஈரத்துக்குக் கழிக்கலயா?" என்று அவளைக் கேட்க விடலாம். முதல் காட்சி இங்கே திரும்பி வருகிறது. ஆனால் இந்தக் காட்சி ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

பேச்சு

எல்லையில் பேசும் தமிழை வீட்டுக்கு வீடு கேட்டு எழுத வேண்டும். கூடலூர்ப் பெண்கள் ஒருவரை ஒருவர் அக்கா, மதினி என்பார்கள். ஜீப் ஓட்டுகிறவர் அண்ணே. மணி வயதான பெண்களைப் பெரியம்மா, சித்தி என்று கூப்பிடுவான், தோட்டத்து மலையாளிப் பெண்ணைச் சேச்சி என்பான். ஈஸ்வரியும் மணியும் கடைசி வரை 'நீங்க'தான். 'நீ'க்கு இறங்குவதைப் பெரிய நிகழ்ச்சியாக வைத்துக்கொள்ளலாம், அல்லது படத்துக்கு அப்புறம் நடக்கட்டும் என்று விட்டுவிடலாம். விடுவது நல்லது. மலையாளி தமிழ் பேசுவதையும் தமிழர் மலையாளம் பேசுவதையும் சிரிப்புக்குப் பயன்படுத்த வேண்டாம். குமுளியில் பாதிப் பேர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பேசி வியாபாரம் செய்கிறார்கள்.

மொழி தானாகத் தருகிற ஒரு பரிசை மட்டும் விடாதீர்கள். மலையாளத்தில் 'வலி' என்றால் இழுப்பது. நமக்கு வலி என்றால் நோவு. 'வடம்' மட்டும் இருவருக்கும் பொது, தேர் வடம் பிடித்த கை நம் கை. மேலே உள்ள அணியின் பயிற்சியாளர் "வலி, வலி" என்று கத்தும்போது கூடலூர்ப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். விளக்கம் வேண்டாம். இரண்டாவது இழுப்பு முடிந்து மணியின் உள்ளங்கைத் தோல் உரிந்திருக்கிறது. தண்ணீர்ப் பானை பக்கத்தில்:

"வலிக்குதா?"

"எந்த பாஷைல கேக்குறீங்க?"

படத்தின் மையம் இந்த இரண்டு வரி. இதன்மேல் இசை போடாதீர்கள். இதைச் சொல்லி முடித்ததும் அவன் கை, அவள் முகம், மறுபடி கை, அப்புறம் நடுவரின் விசில்.

வடம் எடுக்கும் நாள்

மூன்று நாளில் ஒரு முழு நாளை வடத்துக்கே ஒதுக்குங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை குமுளி மழையை நம்ப முடியாது. ஜனவரி, பிப்ரவரி நல்லது. ஓணம் மழைக்காலத்தில் வருவது. அதைக் கதையாக வைத்தால் இந்த மாதங்களில் அந்தப் பச்சை இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள். ஏதோ ஒரு கோயில் திருவிழா என்று பொதுவாக வைத்துவிடுங்கள்.

வடம் மணிலாக் கயிறாக இருக்கட்டும். நைலான் வேண்டாம். நைலான் நீண்டு, அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி அடிக்கும். கையில் சுற்றுவது, இடுப்பில் முடிச்சுப் போடுவது, நுனியில் வளையம் கட்டுவது மூன்றும் கூடவே கூடாது. சுற்றிப் பிடித்தால் விரலே போய்விடலாம். மோதிரம், கைக்கயிறு, கடிகாரம் கழற்ற வேண்டும். 'நிறுத்து' என்றதும் கையை விட்டுவிட்டால் எதிரணி மொத்தமும் மல்லாந்து விழும். இரண்டு எட்டு முன்னால் வந்து, இழுப்பு தளர்ந்தபின் தரையில் வைக்க வேண்டும். இதைக் காலையில் மூன்று தடவை ஒத்திகை பார்த்த பிறகே கேமராவை எடுங்கள். முழு பலத்தோடு இழுப்பது ஒரு தடவைக்கு 20 நொடி, நடுவில் ஐந்து நிமிட ஓய்வு, நாளுக்கு எட்டுத் தடவைக்கு மேல் வேண்டாம். ஒன்பதாவதில் யாருக்காவது முதுகு பிடித்துக்கொள்ளும்.

வடத்தைத் தெற்கு வடக்காகப் போடுங்கள். கிழக்கு மேற்காகப் போட்டால் ஒரு அணி சூரியனைப் பார்த்துக் கண் கூசும், இன்னொரு அணியின் முகம் இருட்டாகும். தெற்கு வடக்கில் இருவருக்கும் பக்கவாட்டு வெளிச்சம் சமமாக விழும். கேமரா மேற்குப் பக்கம். காலை ஏழிலிருந்து பத்தரை வரை எதிர்வெயிலில் புழுதியும் வேர்வையும் மின்னும், அகல ஷாட்டுகளை எல்லாம் அப்போதே முடித்துவிட வேண்டும். மதியத்துக்கு மேல் வெயில் கேமரா பக்கம் வந்துவிடுவதால் வெளிச்சம் தட்டையாகிவிடும். அந்த நேரத்தில் மேலே வெள்ளை வேட்டியைக் கட்டி நிழலாக்கி, கை, பாதம், முகம் மட்டும் எடுங்கள்.

கேமரா வடத்தின் ஒரே பக்கம்தான் நிற்க வேண்டும். இந்தப் போட்டியில் வடமே கோடு. கூடலூர் இடது, குமுளி வலது என்று முதல் ஷாட்டில் வைத்தால் கடைசி வரை அப்படியே. ஒரே ஒரு ஷாட்டைக் கிழக்குப் பக்கம் போய் எடுத்தாலும், வடம் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்ப்பவர் குழம்பிவிடுவார். அதோடு இறுதி இழுப்பின் உயிர் போய்விடும். பனியன் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், சேறு பட்டால் இரண்டும் ஒன்றுதான்.

முதல் இழுப்பை, வடத்தைக் கையில் எடுப்பதிலிருந்து, வெட்டே இல்லாமல் ஒரே அகல ஷாட்டில் காட்டுங்கள், நாற்பது நொடி. அதில் முழு பலத்தோடு இழுப்பது 20 நொடிக்குள்தான். அதற்கு முன் நடுவர் டேப் பிடித்து நான்கு மீட்டர் அளந்து துணி கட்டுவதை இரண்டு ஷாட்டில் காட்டிவிட்டால், விதியைச் சொல்ல மைக்கில் ஒருவர் தேவையில்லை. இரண்டாவது இழுப்பு முகங்களாகவும் அசையும் துண்டாகவும் 70 நொடி. மூன்றாவது இரண்டரை நிமிடம். அதில் கேமரா தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறங்கட்டும். குதிகால் மண்ணைத் தோண்டுகிறது, நடுத்துணி நடுங்குகிறது, நகரவில்லை. மணியின் காது. ஈஸ்வரியின் தொண்டைக்குழி மூச்சுக்காக உள்ளே இறங்குகிறது. இந்த இரண்டு நெருக்கக் காட்சிகளை மட்டும் 50 பிரேமில், ஷட்டர் 1/100-இல் எடுங்கள். மற்றதெல்லாம் 25 பிரேம், 1/50. அப்போது நம் ஊர் மின்விளக்கு திரையில் துடிக்காது.

எது கெட்டுப்போகும் என்றால், முதலில் வடம். நடிகர்கள் 'இழுப்பது போல' இழுத்தால் நடுவில் வடம் தொங்கும், சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆகவே நெருக்கக் காட்சியிலும் பிரேமுக்கு வெளியே நான்கு பலசாலிகள் மறுமுனையைப் பிடித்திருக்க வேண்டும். மரத்தில் கட்டினால் இறுக்கம் இருக்கும், ஆனால் உயிர் இருக்காது. எதிர்முனையில் ஆள் இருந்தால் வடம் கொஞ்சம் போய்க் கொஞ்சம் வரும், நடிகர் தோளில் அது தெரியும். அடுத்தது முகம். பல்லைக் கடித்து, கண்ணை உருட்டி நடிப்பார்கள். உண்மையில் இழுப்பவர் முகம் மூடிக்கொள்ளும், கண் எங்கும் பார்க்காது. உள்ளூர் அணியிலிருந்து நான்கு பேரை ஏழில் கலந்துவிடுங்கள், பார்த்தே மற்றவர்கள் திருத்திக்கொள்வார்கள். அப்புறம் சேறு. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் கால், முட்டி, பனியனை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் முட்டிவரை சேறு இருந்தவர் அடுத்த ஷாட்டில் சுத்தமாக நிற்பார்.

இருபத்தைந்து பேர் இருந்தால் கூட்டம் போதும். அணிக்குப் பின்னால் இரண்டு வரிசையாக நெருக்கி நிறுத்தி, தூர லென்ஸில் எடுத்து, அடுத்த ஷாட்டுக்கு அவர்களையே இடம் மாற்றுங்கள். சட்டை, துண்டு மாற்றட்டும். அகல ஷாட்டில் வெறுமை தெரியும் என்பதால் அன்று காலை ஏழு மணிக்கு எல்லோரும் வந்தே ஆக வேண்டும். இட்லியும் டீயும் ஆறரைக்கே தயாராக இருந்தால் வருவார்கள்.

குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கி எடுக்கும் காட்சி இருந்தால், மேலே குளிரில் இருந்த கேமராவைக் கீழே வந்ததும் வெளியே எடுக்காதீர்கள். லென்ஸில் நீர் பூத்துவிடும். அரை மணி நேரம் பை மூடியே இருக்கட்டும்.

அனுமதி, ஒலி

மைதானம் பஞ்சாயத்துடையதா, கிளப்புடையதா, தோட்டத்துடையதா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம். எல்லையைத் தாண்டிக் கருவிகளைக் கொண்டுபோனால் வாடகை ரசீதின் நகல் கையில் இருக்கட்டும். புலிகள் காப்பகத்துக் காடு, அணைப் பக்கம் இரண்டும் வேண்டாம், ட்ரோனை அங்கே எடுக்கவே எடுக்காதீர்கள். மங்கலதேவி கண்ணகி கோட்டம் கதைக்கு அழகாக இருக்கும் என்று தோன்றும். சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் பக்தர்களைக் காட்டுக்குள் விடுகிறார்கள். அந்த நெரிசலில் கேமராவோடு போய் நிற்பது யாருக்கும் உதவாது.

ஒலிதான் இந்தப் படத்தின் பாதி. கதையே ஒரு மூச்சைக் கேட்பதில் இருக்கிறது. ஈஸ்வரியின் கூவலையும் அந்த மூச்சையும் படப்பிடிப்புக்கு மறுநாள் அமைதியான இடத்தில், மைக்கை ஒரு முழத் தூரத்தில் வைத்துத் தனியே பதிவு செய்யுங்கள். நின்றுகொண்டு, கையில் துண்டோடு, உடம்பை அசைத்துக்கொண்டே கூவட்டும். உட்கார்ந்து கூவினால் வயிற்றிலிருந்து குரல் வராது. வடம் கிறீச்சிடுவது, குதிகால் மண்ணில் இழுபடுவது, ஏழு பேர் ஒரே நேரத்தில் மூச்சு விடுவது ஒவ்வொன்றும் முப்பது நொடி தனியாக வேண்டும். கூட்டத்தின் சத்தத்தைக் கேமரா இல்லாமல் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். உண்மைப் போட்டியில் எடுத்த ஒலியை நம்பாதீர்கள். ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், வெட்டவும் முடியாது, இணையத்தில் ஏற்றினால் பாட்டு உரிமையாளர் தடுப்பார்.

மூன்றாவது இழுப்பில், அவள் மூச்சு இழுக்கும் அந்த அரை நொடிக்குக் கூட்டத்தின் சத்தத்தை முழுக்க இறக்கிவிடுங்கள். மணிக்குக் கேட்பது மட்டும் பார்ப்பவருக்கும் கேட்கட்டும்.

கடைசிக் காட்சி மறுபடி தராசு, மறுநாள் சாயந்தரம். மணியின் உள்ளங்கையில் துணிக்கட்டு. அவனால் சாக்கைத் தூக்கி வைக்க முடியவில்லை. ஈஸ்வரி தானே தூக்கி வைக்கிறாள், அவன் முள்ளைப் படித்துச் சொல்கிறான். "பத்தே முக்கால்." வழக்கமான பதினொண்ணே காலைவிடக் குறைவு, முந்தின நாள் களைப்பு அவளிடமும் இருக்கிறது. அதைக் காட்ட ஒரு ஷாட் போதும். வசனம் எழுதிச் சேர்க்க ஆசை வரும், அடக்குங்கள்.

மலையாளத் துணைவசனம் போடும்போது 'வலிக்குதா' என்பதை மொழிபெயர்க்காமல் அப்படியே மலையாள எழுத்தில் விட்டுவிடுங்கள், அவர்களுக்கு அது அவர்கள் பக்கத்து அர்த்தத்தோடு போய்ச் சேரும். படப்பிடிப்பு முடிந்ததும் வாடகை வடத்தை ஈரத்தோடு சுருட்டிக் கொடுத்துவிடாதீர்கள். மணிலாக் கயிறு உள்ளே உளுத்து அடுத்த போட்டியில் அறுந்துவிடும். சேற்றைத் தட்டி, நிழலில் இரண்டு நாள் நீளமாகத் தொங்கவிட்டு, காய்ந்தபின் அகல வளையமாகச் சுற்றித் திருப்பிக் கொடுங்கள்.